சக்கர நாற்காலி: எடை குறைந்ததா, தள்ள எளியதா?

சக்கர நாற்காலி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது அதன் எடையை. விற்பவரும் அங்கிருந்துதான் தொடங்குவார். 18 கிலோ, 12 கிலோ, 9 கிலோ என்று எடை இறங்க இறங்க விலை ஏறும். எடை ஒரு பொருட்டே அல்ல என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாள் முழுக்கத் தன் கையால் தள்ளிக்கொண்டு போகிற ஒருவரின் தோளுக்கு எவ்வளவு வேலை என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் எடைக்கு மூன்றாவது, நான்காவது இடம்தான். முதல் இடம் பின்சக்கரத்தின் அச்சுக்கு. உட்காருபவரின் உடலுக்கு நேராக அது எங்கே வருகிறது என்பதற்கு. அடுத்தது அவர் ஓட்டப்போகிற தரை. இந்த இரண்டையும் கேட்காமல் தரப்படும் ஆலோசனையை நான் பெரிதாக மதிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 18 கிலோ நாற்காலியில் உட்கார்ந்தால் மொத்தம் 88 கிலோ. அவரே 10 கிலோ நாற்காலிக்கு மாறினால் 80. நாற்காலியின் எடை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. உருட்ட வேண்டிய மொத்த எடையோ 9 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. வழவழப்பான கெட்டித் தரையில், நன்றாகக் காற்றடித்த டயரில், உருளும்போது வரும் தடை மொத்த எடையில் சுமார் 1 சதவீதம். அதாவது முதல் நாற்காலிக்கு 900 கிராமுக்குச் சற்றுக் குறைவான விசை, இரண்டாவதற்கு 800 கிராம். இந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியாது. 5 கிலோ வரை கூடுதல் எடையைக் கட்டிவிட்டுச் சமதளத்தில் தள்ளச் சொல்லிப் பார்த்த சோதனைகளிலும் உழைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை.

இதே நபர் 12-க்கு 1 என்ற சரிவுப்பாதையில் ஏறட்டும். 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். கட்டட விதிகள் பலவற்றில் அனுமதிக்கப்படும் அதிகபட்சச் சரிவுள்ள ராம்ப் இது. கனமான நாற்காலிக்கு இப்போது 8 கிலோவுக்கு மேல் விசை தேவை, லேசானதற்கு ஏழரைக் கிலோ. நாற்காலியை மாற்றியதால் கிடைத்த லாபம் முக்கால் கிலோ. தரை மாறியதால் வந்த சுமை 7 கிலோ. அதுவும் சராசரிக் கணக்குதான். ரிம்மில், அதாவது பின்சக்கரத்தோடு இணைந்த, கையால் தள்ளும் வளையத்தில், கை எந்நேரமும் இருப்பதில்லை. ஒரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் நடுவே கை வெறுமனே திரும்பி வருகிறது. அந்த இடைவெளிக்கும் சேர்த்து, தொட்டிருக்கும் கணங்களில் அதிகமாகக் கொடுத்தாக வேண்டும். ராம்ப்பில் கையை விட்டவுடன் வண்டி பின்னால் நழுவப் பார்க்கும் என்பதால் கை ஓடிவந்து மறுபடி பிடிக்க வேண்டும். நாள் முழுவதும் சமதளத்தில் சுற்றியதைவிட இரண்டு ராம்ப் ஏறியது தோளில் அதிகம் வலிப்பது இதனால்தான்.

எனவே எந்த வடிவத்தை ஒப்பிடும்போதும் கேட்க வேண்டியது: அன்றாடம் ஓட்டும் பாதையிலேயே மிகக் கடினமான சில நிமிடங்கள் எவை, அந்த நிமிடங்களில் இந்த நாற்காலி என்ன செய்யும்?

மருத்துவமனை மடக்கு நாற்காலி

குறுக்கே எக்ஸ் வடிவச் சட்டம், தொங்கும் துணி இருக்கை, முன்னால் 8 அங்குலச் சிறு சக்கரங்கள், பின்னால் 24 அங்குலச் சக்கரங்கள். 1930-களில் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹாரி ஜென்னிங்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் செய்த மடக்கு நாற்காலியின் வாரிசு இது. காரில் மடித்து வைக்கக்கூடிய நாற்காலி என்பது அந்தக் காலத்தில் பெரிய விடுதலை. எவரெஸ்ட் சுரங்க விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர். தன் தேவைக்காகத்தான் இதில் இறங்கினார்.

இன்று மருத்துவமனை வராந்தாக்களில் நிற்கும் அதன் பேரப்பிள்ளைகள் வேறு ஒரு தேவைக்காக அமைக்கப்பட்டவை: யார் உட்கார்ந்தாலும் பின்னால் சாயக்கூடாது, வேறொருவர் பின்னிருந்து தள்ள வேண்டும். அதற்காகப் பின்சக்கர அச்சு முதுகுச் சாய்வின் நேர்கீழே, சிலவற்றில் அதற்கும் பின்னால் பொருத்தப்படுகிறது. பெரும்பாலும் நகர்த்தவும் முடியாது. உட்கார்ந்திருப்பவர் தானாகத் தள்ள நினைத்தால் கையை முதுகுக்குப் பின்னே கொண்டுபோய்த் தொடங்க வேண்டும். அகலமான இருக்கையும் கைத்தாங்கியும் முழங்கையை வெளியே விரித்துவிடும். விரிந்த கையோடு பின்னால் எட்டித் தள்ளுவது தோள் மூட்டுக்குப் பிடிக்காத கோணங்களில் முதன்மையானது. சில வாரச் சிகிச்சைக்கு, யாரோ ஒருவர் தள்ள, இது போதும். நிரந்தரமாகத் தானே ஓட்டப்போகிறவருக்கு இதை வாங்கித் தருவது சிக்கனமே அல்ல.

அச்சை நகர்த்தக்கூடிய நாற்காலி

இரட்டைச் சக்கர மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்கள். முன்பாரமானால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரமானால் வண்டி குடைசாயும். சக்கர நாற்காலியிலும் இதுவேதான் நடக்கிறது. மாட்டின் இடத்தில் முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், காஸ்டர்கள்.

அச்சு பின்னால் இருந்தால் உடலின் எடையில் பெரும்பங்கு அந்தக் காஸ்டர்களின் மேல் விழும். சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தைவிட அதிகத் தடை தரும். கம்பளத்திலும் மண்ணிலும் புதையும், தரைக்கல் இடுக்கில் மாட்டும். அச்சைச் சில சென்டிமீட்டர் முன்னே கொண்டுவந்தால் எடை பின்சக்கரங்களுக்கு மாறுகிறது, தடை குறைகிறது. லாபம் அதோடு நிற்பதில்லை. சக்கரம் உடலுக்கு நேராக வந்துவிடுவதால் கை ரிம்மின் நீண்ட வளைவைப் பிடித்துத் தள்ள முடிகிறது. அதே தூரத்துக்குத் தள்ளல்களின் எண்ணிக்கை குறைகிறது. திரும்புவது எளிதாகிறது. மழைநீர் வடிவதற்காகப் பக்கவாட்டில் சரித்துப் போடப்பட்ட நடைபாதையில் நாற்காலி பள்ளத்துப் பக்கம் இழுக்குமே, ஒரு கை தள்ளியபடியும் மறு கை பிடித்தபடியும் போக வேண்டியிருக்குமே, அந்த இழுவையும் குறைகிறது. ஏனென்றால் உடலின் எடை அச்சுக்கு முன்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அது முன்பக்கத்தைப் பள்ளத்துக்குத் திருப்பும்.

முதுகுத்தண்டு காயம் பட்டவர்களின் கைகளைக் காப்பது பற்றி அமெரிக்காவில் 2005-இல் வெளியான மருத்துவ வழிகாட்டி இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசுகிறது: நிலைத்தன்மை கெடாத அளவுக்கு அச்சை எவ்வளவு முன்னே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவாருங்கள், ரிம்மின் உச்சியில் கை வைத்தால் முழங்கையில் மேற்கைக்கும் முன்கைக்கும் இடையிலான கோணம் 100 முதல் 120 பாகை இருக்கும்படி இருக்கை உயரத்தை அமையுங்கள், நீளமாக, வழுக்கினாற்போல் தள்ளுங்கள், தள்ளி முடித்ததும் கையை ரிம்முக்குக் கீழே இயல்பாக இறங்கவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். எடை குறைந்த நாற்காலியையும் அது பரிந்துரைக்கிறது. ஆனால் அதன் கூடவே ‘சரிசெய்யத்தக்கது’ என்ற நிபந்தனை வருகிறது. விளம்பரத்தில் விட்டுப்போவது அந்தச் சொல்தான்.

இதற்குக் கொடுக்கும் விலை, பின்னால் கவிழும் பயம். ராம்ப் ஏறும்போது உடல் ஏற்கெனவே பின்னால் சாய்ந்திருக்கும். அச்சும் முன்னால் இருந்தால் ஓங்கித் தள்ளிய கணத்தில் காஸ்டர்கள் காற்றில் எழும். பழகியவர்கள் இதையே வசதியாக்கி, முன்சக்கரத்தைத் தூக்கிப் படிவிளிம்பைத் தாண்டுவார்கள். பழகாதவர்களுக்குப் பின்னால் கவிழ்தடுப்புச் சக்கரம் போட்டு, அச்சை வாரக்கணக்கில் சிறிது சிறிதாக முன்னே நகர்த்துவதே நல்லது. இரு கால்களும் நீக்கப்பட்டவர்களுக்கு முன்புறம் கால்களின் எடை இல்லை என்பதால் ஈர்ப்பு மையம் பின்னால் போயிருக்கும். அவர்களுக்கு மட்டும் அச்சு சற்றுப் பின்னாலேயே இருக்க வேண்டும்.

மடக்காத சட்டமா, மடக்குச் சட்டமா என்பது இதற்கு அடுத்த கேள்வி. 1970-களின் இறுதியில் ஹேங் கிளைடர் என்னும், தொங்கியபடி பறக்கும் இறக்கைச் சட்டத்தில் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த மரிலின் ஹாமில்டன் தன் நண்பர்களோடு சேர்ந்து கிளைடருக்குப் பயன்படும் அலுமினியக் குழாய்களால் ஏறக்குறைய 12 கிலோ நாற்காலி ஒன்றை உருவாக்கினார். அதற்கு முன் 20 கிலோவுக்கு மேற்பட்ட எஃகு நாற்காலிகளே வழக்கம். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய மடக்காத அலுமினியம், டைட்டானியம், கார்பன் ஃபைபர் சட்டங்கள். மடக்கு மூட்டுகள் இல்லாததால் கையின் விசை சட்டத்தின் நெளிவில் வீணாவது குறைவு. ஆனால் என் தீர்ப்பு இது: அச்சு சரியாக வைக்கப்பட்ட 14 கிலோ மடக்கு நாற்காலி, அச்சு தப்பாக நிற்கும் 9 கிலோ டைட்டானியத்தைத் தோற்கடிக்கும். எடைக்கு மதிப்பு கூடுவது நாற்காலியைக் கையால் தூக்கும் இடத்தில். தானே காரோட்டி, தானே சட்டத்தை மடிமேல் தூக்கிப் பக்கத்து இருக்கையில் போடுகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் முக்கியம். சக்கரங்களைக் கழற்றிவிட்டால் மடக்காத சட்டமே தூக்க எளிது.

டயரும் காஸ்டரும்

ஒரே நாற்காலியில் மிகக் குறைந்த செலவில் உழைப்பைக் குறைக்கக்கூடிய இடம் டயர். காற்று பாதியாக இறங்கிவிட்டால் ஆற்றல் செலவு அளவிடத்தக்க வகையில் ஏறும், ஆனால் மெல்ல மெல்ல இறங்குவதால் ஓட்டுபவர் அதைத் தன் உடல்சோர்வு என்று நினைத்துக்கொள்வார். பஞ்சர் ஆகாத திட டயர் கவலையற்றது, ஆனால் காற்றடித்த டயரைவிட உருட்டக் கனமானது. கம்பளத்திலும் கரடுமுரடான தரையிலும் அதிர்வை அப்படியே மேலே அனுப்பும். நான் காற்று டயரும் ஒரு சிறு பம்பும் என்ற பக்கம்தான்.

காஸ்டரில் சிறியது வீட்டுக்குள் சுறுசுறுப்பாகத் திரும்பும், வெளியே ஒவ்வொரு விரிசலிலும் நிற்கும். பெரியது மறுதலை. அதன் அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடி செய்கிற தடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பின்சக்கரங்கள் மேலே குறுகி கீழே விரியும்படி சாய்ந்திருந்தால் பக்கவாட்டு உறுதி கூடும், நாற்காலியின் அகலமும் கூடும், கதவுகளை அளந்துகொள்ளவும். மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் இணையாக இல்லாமல் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நின்றால்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஓரிரு பாகைக் கோணலும் டயரைத் தரையில் தேய்த்தபடி இழுக்கும்.

ரிம்மைத் தவிர வேறு வழிகள்

அடிப்படையில் ரிம் தள்ளுவது மோசமான ஏற்பாடு. உடல் செலவிடும் ஆற்றலில் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுவது இதில் 10 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். காலால் சைக்கிள் மிதிக்கும்போது அது 20 சதவீதத்துக்கு மேல். ஓடும் வளையத்தைக் கை ஒவ்வொரு முறையும் எட்டிப் பிடித்து, அழுத்தி, விட வேண்டியிருக்கிறது. ரிம்மின் சுற்றுத்திசையில் மட்டும் விசை கொடுக்கும்படி சிலரைப் பழக்கிப் பார்த்தார்கள். விசையின் திசை திருந்தியது, ஆனால் உடலின் ஆற்றல் செலவு கூடிவிட்டது. வீணாவதுபோல் தெரிகிற அழுத்தத்தில் ஒரு பங்கு பிடியை நிலைநிறுத்தவும் மூட்டைக் காக்கவும் உடல் தானே தேர்ந்தெடுத்த வழி என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

நெம்புகோல் நாற்காலி இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகள். முன்னும் பின்னும் அசைத்தால் சக்கரம் சுழலும். கை பிடியை விடுவதில்லை, மணிக்கட்டு நேராக இருக்கிறது, நெஞ்சுத் தசைகள் வேலை செய்கின்றன. அதே வேகத்துக்கு ரிம்மைவிட இதில் ஆற்றல் செலவு குறைவு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பொறியாளர் ஏமஸ் விண்டரின் குழு கரடுமுரடான பாதைகளுக்காக வடிவமைத்த ‘லெவரேஜ்டு ஃப்ரீடம் சேர்’ கியரைக்கூட ஓட்டுபவரின் கையிலேயே வைத்துவிட்டது: கம்பியின் மேல்நுனியைப் பிடித்தால் விசை பெருகி மேடு ஏறும், கீழே இறக்கிப் பிடித்தால் வேகம் கூடும். முன்னால் தள்ளி ஒற்றைச் சக்கரம் இருப்பதால் குழியில் மூக்குக் குத்தி விழுவதும் குறைவு.

பிறகு ஏன் எல்லோரும் இதற்கு மாறவில்லை? வீட்டுக்குள் வந்து பாருங்கள். கம்பிகள் கட்டிலுக்கு மாறும்போது குறுக்கே நிற்கின்றன. பின்னோக்கிப் போவதும், நின்ற இடத்தில் திரும்புவதும் பல வடிவங்களில் தொல்லை. நாற்காலி நீண்டு, கனத்துப்போகிறது. ரிம்மின் ஒரே பெருமை, ஒரு விரல் அசைவில் முன், பின், இடம், வலம் எல்லாம் கிடைக்கும் என்பது. சமையலறைக்கும் குளியலறைக்கும் அந்தப் பெருமை போதும்.

கையால் மிதிக்கும் வண்டி நெம்புகோலைவிடப் பழையது. 1655-இல் நியூரம்பர்கின் கடிகாரத் தொழிலாளி ஸ்டீஃபன் ஃபார்ஃப்ளர் தனக்காகச் செய்துகொண்ட மூன்றுசக்கர வண்டியே கையால் சுழற்றுவதுதான். வெளியே தொலைவு போக இதை மிஞ்ச ஏதுமில்லை. தொடர்ச்சியான சுழற்சி, சைக்கிள் கியர்கள், தோள் மூட்டில் ரிம்மைவிடக் குறைந்த சுமை. இன்று சாதாரண நாற்காலியின் முன்னால் கொக்கிபோட்டு மாட்டி, தேவை முடிந்ததும் கழற்றிவிடும் கைமிதி இணைப்புகள் இருக்கின்றன. ஒரு நல்ல ரிம் நாற்காலியும் அப்படி ஒரு இணைப்பும் சேர்ந்தால், தனி நெம்புகோல் நாற்காலியைவிடப் பெரும்பாலோருக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். பழைய மூன்றுசக்கர வண்டிகளில் ஒரே கையால் சுழற்றும் வகையில் ஒரு பக்கத் தோள் மட்டும் உழைக்கிறது. இரு கையும் இயங்குகிறவருக்கு இரு கைப்பிடி வண்டியே சரி.

கியர் உள்ள பின்சக்கரங்கள் நேரடியாக ராம்ப்பைக் குறிவைப்பவை. தாழ்ந்த கியரில் தள்ளும் விசை பாதியாகும், தள்ளல்களின் எண்ணிக்கை இரட்டிக்கும். மொத்த வேலை குறைவதில்லை, பல்சக்கர உராய்வால் சற்றுக் கூடவே செய்யும். உச்ச விசை, எண்ணிக்கை இரண்டுமே மூட்டுக்குப் பகைதான். சரிவில் முன்னது பெரிய பகை. ஏற்கெனவே தோள்வலி உள்ளவர்களுக்கு இந்தப் பண்டமாற்று லாபகரமானது, சிலவற்றில் பின்நழுவல் தடுப்பும் சேர்ந்தே வரும். ரிம்மின் விட்டத்தை மாற்றுவதும் ஒருவகைக் கியர்தான். பந்தய நாற்காலிகளின் ரிம் மிகச் சிறியது, வேகத்துக்காக. அதே ரிம்மோடு ராம்ப் ஏறுவது பெரும்பாடு.

ரிம்மைப் பின்னால் இழுத்தால் வண்டி முன்னே போகும் சக்கரங்களும் உண்டு. முதுகுத் தசைகளுக்கு வேலை கொடுத்துத் தோளின் முன்பகுதிக்கு ஓய்வு தருகிறது என்ற தர்க்கம் சரியானதே. உடற்பயிற்சியாக நல்லது, நெரிசலான இடத்தில் முன்னும் பின்னும் குழம்பும். மோட்டார் துணைச் சக்கரங்கள் கைத்தள்ளலை உணர்ந்து பலம் சேர்ப்பவை. உழைப்பைக் குறைப்பதில் அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் சக்கரத்திலேயே மோட்டார் உள்ளவை பல கிலோ எடையைக் கூட்டும். மின்கலம் தீர்ந்தபின் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது. ஒரு கையும் ஒரு காலும் வேலை செய்கிறது என்றால் இருக்கையைத் தாழ்த்தி, குதிகால் தரையில் நன்றாகப் படும்படி அமைத்து, காலால் இழுத்து ஓட்டுவதே மிக எளிய வழி. 2 சென்டிமீட்டர் உயரம் கூடினாலும் கால் எட்டாமல் இடுப்பு முன்னே சரிந்துவிடும். ஒரே பக்கத்தில் இரண்டு ரிம் வைத்த ஒற்றைக்கை நாற்காலி இருக்கிறது. அதை ஓட்டக் கையில் நல்ல பலமும் ஓரளவு பயிற்சியும் வேண்டும்.

கடையில் என்ன செய்து பார்ப்பது

உட்கார்ந்து கைகளைத் தொங்கவிடுங்கள். நடுவிரல் நுனி சக்கர மையத்தை ஏறக்குறையத் தொட வேண்டும். தோளிலிருந்து ஒரு நேர்கோடு கீழே இறங்குவதாக நினைத்தால் அது அச்சின் மீதோ, சற்று முன்னேயோ விழ வேண்டும். வெகுவாக முன்னே விழுந்தால் அச்சு பின்தங்கிவிட்டது என்று பொருள். இருக்கையின் இருபுறமும் மடக்கிய கைமுட்டி நுழையும் இடைவெளி இருந்தால் நாற்காலி அகலம் அதிகம். பிறகு ஒரே சீராக மூன்று தள்ளல் கொடுத்துக் கையை விட்டு, எங்கே போய் நிற்கிறது என்று அடையாளம் வையுங்கள். அடுத்த நாற்காலியையும் அதே தரையில் அதே மாதிரி விட்டுப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் சக்கரக் கோணல் இருக்கிறது. பளிங்குத் தரையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம்; வாசல் விளிம்பும் ஒரு சரிவும் அருகில் எங்காவது இருக்கும்.

பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் இருப்பவருக்கு அச்சை நகர்த்தத்தக்க ரிம் நாற்காலி, காற்று டயர், வேறெதுவும் வேண்டாம். தினமும் மண்பாதையில் கிலோமீட்டர் கணக்கில் போகிறவருக்கு நெம்புகோல் அல்லது கைமிதி, வீட்டுக்குள் தனியாக ஒரு சாதாரண நாற்காலி. வழியில் தவிர்க்க முடியாத ராம்ப் இருந்து, தோளும் வலிக்கத் தொடங்கிவிட்டால் கியர் சக்கரம் அல்லது மோட்டார் துணை. வலி முற்றும்வரை காத்திருக்காமல்.

எதை வாங்கினாலும் வந்த அன்றே யாரும் அச்சைச் சரிசெய்து தரப்போவதில்லை, பிசியோதெரபிஸ்ட்டோ, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ பக்கத்தில் இருந்தால் ஒழிய. அச்சை முன்னே நகர்த்தியபின் பிரேக்கையும் அதே அளவு நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அது டயரைப் பிடிக்காது. அச்சை மேலே ஏற்றினாலோ கீழே இறக்கினாலோ காஸ்டரின் நிற்கும் தண்டு செங்குத்திலிருந்து சாய்ந்துவிடும்; அதை மறுபடி நிமிர்த்தாவிட்டால் வேகத்தில் காஸ்டர் படபடவென ஆடும். நாற்காலியோடு வந்த அறுகோணச் சாவியைத் தொலைத்துவிடாதீர்கள்.